காசிலிங்கம் தூக்கிக் கொடுத்த குரல்

எங்கள் பக்கத்தில் எக்கோ இல்லாத மைக்கை யாரும் மைக் என்று ஒத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் வாழ்த்த வந்தவர் பெயரை வாசித்தாலும் அது மூன்று தடவை திரும்பி வந்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்தி. திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தையின் பெயரைக்கூட எக்கோ போட்டுத்தான் அறிவிப்பார்கள். அந்தப் பிள்ளை தன் பெயரைக் கேட்டுப் பயந்து இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிடும். பேட்டையில் பிறந்து இத்தனை வருஷமாக இந்தச் சத்தத்துக்கு நடுவில் குடியிருக்கிறவன் என்கிற முறையில் எனக்கு மைக்செட்காரர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. காசிலிங்கம் ஒருத்தர்தான் விதிவிலக்கு. அதனாலேயே அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அவருடைய மைக்செட் கொட்டகை என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. தகரக் கூரை, உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்பீக்கர் பெட்டிகள், நடுவில் ஒரு ஸ்டூல். அதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், பேச்சு குறைவு. மற்ற மைக்செட்காரர்கள் எக்கோ திருகைக் கடைசிவரை திருகிவிட்டுப் பீடி பற்ற வைக்கப் போய்விடுவார்கள். இவர் பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது குறைப்பார், இழுக்கும்போது கூட்டுவார், கச்சேரி முடிகிறவரை இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டாலும் போக மாட்டார். "அந்த நேரம் பாத்து மேல்சுதிக்குப் போயிட்டான்னா என்ன செய்ய?" என்பார்.

அவருடைய அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மகனுக்குச் சைக்கிளில் நாட்டமில்லை. டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டார். அங்கே யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு டேப் எக்கோ பெட்டி கிடந்தது. அதைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் காசிலிங்கம் தொழில் கற்றார்.

அந்தப் பெட்டிக்குள் வளையமாக ஒட்டிய ஒரு டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். பேசினால் ஓரிடத்தில் பதியும், சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் வாசிக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் டேப் நகர்கிற நேரம்தான் தாமதம். வாசித்ததில் ஒரு பங்கை எடுத்து மறுபடி பதிய விட்டால் எக்கோவுக்கு எக்கோ பிறக்கும். அந்தப் பங்கைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. கொஞ்சம் கூட்டினால் நாலைந்து தடவை திரும்பி ஓய்ந்துவிடும். நிறையக் கூட்டினால் ஓய மறுக்கும். அதற்கும் மேலே போனால், பேசியவன் வாயை மூடிய பிறகும் சத்தம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஊளையிடும். இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் டேப் சத்தத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும். முதல் தடவை எழுத்து எழுத்தாகக் கேட்கிற சொல், நாலாம் தடவை வெறும் முனகலாக இருக்கும்.

பிற்பாடு வாங்கிய டிஜிட்டல் பெட்டியில் டேப் கிடையாது. ஆனால் கூர்மையைத் தின்பதற்கென்றே அதில் ஒரு ஃபில்டர் திருகு இருந்தது. கூடவே டிஃப்யூஷன் என்று இன்னொன்று. அதைக் கூட்டினால் திரும்பி வருகிற சத்தங்கள் தனித்தனியாக வராது, ஒன்றோடொன்று கரைந்து ஈரத் துணியில் மை இறங்குவதுபோல் பரவி வரும். காசிலிங்கம் இந்த இங்கிலீஷ் பெயர்களைச் சொல்லவே மாட்டார். திருப்புறது, சலிக்கிறது, பரத்துறது, அவ்வளவுதான். ஒரு நாள் எனக்கு விளக்கினார்.

"வே, கைதட்டுனா தட்டுன மாதிரியே திரும்பி வருதுன்னு வையும், அது கிணறு. பரத்தி வந்தா அது கோயில் மண்டபம். நான் ஆளுக்குத் தக்கன கிணறும் குடுப்பேன், மண்டபமும் குடுப்பேன்."

சுகிர்தாவுக்கு அவர் கொடுத்தது மண்டபம்.

சுகிர்தா எங்கள் தெருவில் நாலைந்து வீடு தள்ளிக் குடியிருப்பவள். கணவர் குமரவேல் மஸ்கட்டில் கட்டட வேலை. ஒரே மகள் கோமு, கல்லூரியில் படிக்கிறாள். கோயில் கொடைத் திருவிழாக்களில் இன்னிசைக் கச்சேரி பாடுவதுதான் சுகிர்தாவின் தொழில். நாங்குநேரியில் இருந்து திருச்செந்தூர் ரோடு வரைக்கும் அவள் பெயரைப் போட்டால் கூட்டம் வரும். அம்மன் பாட்டில் ஓரிடத்தில் மேலே போய் நிற்பாள்; அங்கே நின்றுகொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருப்பாள். பந்தலில் கடலை விற்கிறவன்கூட கையை நிறுத்திவிடுவான். சத்தம் என்றாலே எரிந்து விழுகிற நானும் அதற்காக வாசலில் வந்து நின்றிருக்கிறேன். அவள் கச்சேரி என்றால் மைக்செட் காசிலிங்கம்தான். வேறு ஆளைப் போட்டால் வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். அவளால் அவருக்குப் பிழைப்பு, அவரால் அவளுக்குத் தைரியம்.

இந்தக் கச்சேரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவரிடம் தொண்டையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கரகரப்பாக இருக்கிறதே என்று கேட்டால் கண் பட்டுவிடும், அடுத்த பாட்டுக்குள் தொண்டை கட்டிவிடும் என்பார்கள். தபேலாக்காரருக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டார். பனங்கற்கண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். மற்றதை மைக்செட்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் 'தூக்கிக் கொடுப்பது' என்று பெயர். குரல் இறங்குகிற இடத்தில் பெட்டி தூக்கிக் கொடுக்கும். பாடுகிறவருக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுப்பவன்தான் கெட்டிக்காரன். காசிலிங்கம் கெட்டிக்காரர்.

போன வருஷம் சித்திரையில் நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. சாயங்காலம், கச்சேரி தொடங்கி இரண்டாவது பாட்டு. சுகிர்தா மேலே போய் நிற்கிற அந்த இடத்தில் காசிலிங்கத்தின் ஹெட்போனில் மணல் விழுந்தது. அவர் சொன்ன வார்த்தை அதுதான். சுருதி விலகவில்லை, மூச்சு அறுபடவில்லை, ஆனால் குரலின் ஓரத்தில் நைஸ் மணலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். கூட்டத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. தபேலாக்காரருக்கும் கேட்கவில்லை.

அவர் கை தானாகப் போயிற்று. மணல் முழுக்கக் கூர்மையான சத்தத்தில்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சலிக்கிற திருகைத் திருகிக் கூர்மையை மழித்தார். நேராக வருகிற குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, சுற்றி வருகிற குரலை மேலே ஏற்றினார். முன்னைப் போல அவளால் நெடுநேரம் இழுக்க முடியாததால், அவள் விட்ட இடத்தில் இருந்து பெட்டி இழுக்கும்படி திருப்புகிற அளவைக் கூட்டினார். இவ்வளவும் செய்தது வெளியே தெரியாமலிருக்க நன்றாகப் பரத்திவிட்டார். அடுத்த பாட்டில் சுகிர்தா குரல் தேனாக வழிந்தது. கொடைக் கமிட்டி ஆட்கள் மேடைக்கு வந்து காசிலிங்கத்துக்கே துண்டு போர்த்திவிட்டுப் போனார்கள். அவருக்குச் சந்தோஷம். அதையும் அவரேதான் என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை.

ஒரு நாள் கரகரப்பு எல்லோருக்கும் வரும். சளி, தூசி, ராத்தூக்கம் இல்லாதது என்று ஆயிரம் காரணம் இருக்கும். அன்றைக்குத் தூக்கிக் கொடுத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மணல் போகவில்லை. வைகாசியிலும் இருந்தது. ஆனியில் கூடியிருந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் காசிலிங்கம் திருகுகளை முன்னைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. இது சளி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியாது. உலகத்திலேயே அது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் கேட்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, அவளுக்கும் ஒரு பொம்பளப்பிள்ள இருக்குல்லா?" என்று சத்தம் போட்டிருக்கிறாள்.

"ஆடிக் கொடை முடியட்டும். இப்போ சொன்னா மேடையில நடுங்கிருவா."

ஆடி முடிந்ததும் ஆவணி வந்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு மாதம் முடிவதே இல்லை.

ஆடிக் கடைசியில் ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு கச்சேரி. முடித்துவிட்டுத் தங்கி, காலையில் பஸ்ஸுக்காக ரோட்டோரம் டீக்கடையில் நின்றிருக்கிறார்கள். சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. சுகிர்தா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிளாஸைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து என் குரல் எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. பாடுகிறவர்களும் கேட்க மாட்டார்கள், அதுவும் வழக்கம்தான். காசிலிங்கம் ஒரு நிமிஷம் தடுமாறிப் போனார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்கிறார். தசராவுக்கு ஒப்புக்கொண்ட கச்சேரிகள் ஞாபகத்துக்கு வந்தன. தூக்கிக் கொடுத்ததைச் சொன்னால் அவள் மனம் உடைந்துவிடுமே என்று தோன்றியது. முந்தின நாள் தான் செய்துவைத்த குரல் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்கிற பெருமையும் இருந்தது. மூன்றில் எது அவர் வாயை அடைத்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் கேக்கே?"

"சும்மா."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள்.

தசராவுக்குள் குமரவேல் போனில் கேட்க ஆரம்பித்துவிட்டார், உன் குரல் என்ன இப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போ என்று. கடல் தாண்டி இருக்கிறவருக்கு, கரகரவென்று வருகிற போனில், மனைவியின் தொண்டை சரியில்லை என்று தெரிகிறது. பத்தடி தூரத்தில் விலை கூடிய ஹெட்போன் மாட்டியிருக்கிறவர் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்த்திகை வாக்கில் ஸ்பீக்கரில் சுகிர்தாவின் நேர்க்குரல் பாதிகூட இல்லை. கூட்டம் கேட்டதில் பெரும்பங்கு, சலித்துப் பரத்தி, திரும்பத் திரும்பச் சுற்றிவிட்ட குரல். காசிலிங்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் திருகினார்.

தையில் எங்கள் பேட்டையிலேயே ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. எனக்கும் பத்திரிகை வந்திருந்ததால் போயிருந்தேன். சுகிர்தா மூன்றாவது பாட்டின் நடுவில் இருந்தபோது, பந்திக்கு ஓடிய யாரோ வயரில் கால் தட்டி எக்கோ பெட்டியின் மின் இணைப்பு கழன்றுவிட்டது. மைக் நிற்கவில்லை. பெட்டி மட்டும்தான் செத்தது. சுகிர்தாவின் குரல், அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அப்படியே வெளியே வந்தது.

அதை நான் எப்படிச் சொல்ல? கிழிந்திருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் போய்க் காற்று மட்டும் வந்தது. மேலே போகிற இடத்தில் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தா பாட்டை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்க்காமல் காசிலிங்கத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து வயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நேரே மேடைக்குப் போனார். பெர்சிஸ் என்று பெயர், பாளையங்கோட்டையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நம் கச்சேரிக்காரர்களின் வழக்கம் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மதித்திருக்க மாட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான்," என்றாள் சுகிர்தா.

"கொஞ்ச நாள் மாதிரி இல்லையே. முழுங்கும்போது வலிக்கா? காதுப் பக்கம் வலி இருக்கா? நாளைக்குக் காலையில என்கூட வா. பாட்டை இத்தோட நிறுத்து."

ஒரு பாட்டைப் பாதி கேட்ட மனுஷி அத்தனை பேர் முன்னிலையில் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டார். கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. படவேண்டியதெல்லாம் முன்னாலேயே பட்டு முடிந்திருந்தது.

குரல்வளையில் புற்று. டாக்டர் குழாய்விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, படம் எடுத்து, கடைசியில் கோமுவையும் பெர்சிஸ் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார். குரல் கரகரக்க ஆரம்பித்த புதிதிலேயே வந்திருந்தால் கரண்ட் வைத்தே, அதாவது கதிர்வீச்சிலேயே, பார்த்திருக்கலாம், குரலும் தப்பியிருக்கும். இப்போது குரல்வளையை முழுக்க எடுக்க வேண்டும், உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் இனி அவளுடைய குரல் அவளுக்குக் கிடையாது. பிற்பாடு கழுத்தில் கருவி வைத்துப் பேசப் பழகலாம், அது வேறு மாதிரி இருக்கும். குமரவேல் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

காசிலிங்கம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கொட்டகையை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தட்டிப் பார்த்துத் திறக்காததால் பின்சுவர் வழியாகச் சத்தம் போட்டேன். திறந்தார். அங்கே வைத்துத்தான், சித்திரையில் விழுந்த மணலில் தொடங்கி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். அழவில்லை. வேறு யாரோ செய்ததைச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"டாக்டர் சொன்ன அந்தப் புதுசு, அது சித்திரை. அப்போ நான் ஒருத்தன்தான் கேட்டேன்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் வே."

நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். "உமக்கு இம்புட்டு காது எதுக்குவே?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் அவருக்கு வக்கீல் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்பு சுகிர்தாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளே ஆள் விட்டுக் காசிலிங்கத்தைக் கூப்பிட்டாள். மைக்கும் பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். கோமு கல்லூரிக்குப் போயிருந்த நேரம், மத்தியானம். காசிலிங்கம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை அவள் வாய்க்கு நேரே வைத்தார். அவள் பாடப்போகிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"பாட்டு வேண்டாம் அண்ணாச்சி. பாட்டு யாரும் பாடுவாங்க. கோமுகிட்ட நான் தெனமும் சொல்லுதது இருக்குல்லா, அதைப் பதிஞ்சு குடுங்க. எக்கோ கிக்கோ ஒண்ணும் போடாண்டாம்."

பிறகு ஆரம்பித்தாள். "கோமு, எந்திரி, மணியாச்சு." "ஏளா, சாப்பிட்டியா?" "தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்." "கதவைப் பூட்டிட்டுப் படு." ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, அடுத்ததை யோசித்தாள். காசிலிங்கத்தின் காதில் அந்தக் குரல் எதையும் மழிக்காமல் விழுந்தது. கையில் திருகு இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் தாங்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றினார்.

"சுகிர்தா, எனக்கு முன்னாலயே தெரியும். நாங்குநேரிக் கொடையிலயே தெரியும். உன் குரல்ல அன்னைக்கே ஒரு மணல் விழுந்துட்டு. நான் கேட்டேன். கேட்டுட்டு மூடிட்டேன். ஊருக்குக் கேக்காம மூடினேன், உனக்கும் கேக்காம மூடிட்டேன். ஆழ்வார்திருநகரியில நீ வாயைத் திறந்து கேட்ட. அப்பவும் பொய் சொன்னேன்."

சுகிர்தா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

"எனக்குக் கேக்காமலா இருக்கும்? என் தொண்டை அண்ணாச்சி. சோறு இறங்கையில உறுத்துது, காலையில எந்திரிச்சா பேச்சு வர மாட்டேங்குது, எனக்குத் தெரியாதா? நீங்க பெட்டியைத் திருகுனதும் தெரியும். மேடையில என் காலடியிலயும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்குல்லா, அதுல என் குரல் அடுத்த வீட்டுக்காரி குரல் மாதிரி வழவழன்னு வந்துச்சு. அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன். சும்மான்னு சொன்னேன், சும்மா கேக்கல. பயந்து போய்க் கேட்டேன். நீங்க நல்லாத்தான் இருந்துச்சுன்னீங்க. அப்போ எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, பஸ்ஸுல அப்படித் தூங்கினேன். அண்ணாச்சி காதுக்குத் தப்புமா, பெருசா எதும் இருந்தா சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன். அவுக போன்ல ஆஸ்பத்திரிக்குப் போன்னு அடிச்சுக்கிட்டாக. அண்ணாச்சியே ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு அவுககிட்டயும் சொன்னேன்."

இருமல் வந்தது. தண்ணீர் குடித்தாள். காசிலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"சரி, விடுங்க. கோமு வரதுக்குள்ள முடிக்கணும். 'பஸ் ஏறிட்டியா'ன்னு ஒண்ணு சொல்லுதேன். மைக்கை இங்கன நகட்டுங்க."

கருவி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் கொட்டகைக்கு என்னைக் கூப்பிட்டுப் பதிவை முழுக்கப் போட்டுக் காட்டினார். கேட்டு முடித்ததும், கோபமெல்லாம் போய், எனக்கே அந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு இது எதுக்குவே? நடுவுல உள்ளதை வெட்டிரும்," என்றேன்.

"வெட்டலாம். வெட்டத் தெரியாமலா?" என்றார். "மத்ததெல்லாம் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லுதா. அவ அவளாட்டம் வாய் ஓயாம பேசுனது இந்த ஒரு இடம்தான். என்னை வெட்டப் போனா அவளையும்லா வெட்டணும்."

"உம்ம பேச்சை மட்டும் எடுத்துட்டு அவ பேசுனதை வையும்."

"வச்சா? வரிக்கு வரி அண்ணாச்சி, அண்ணாச்சிங்காளே. ஆழ்வார்திருநகரி, பஸ்ஸு, எல்லாம் வருதே. என்ன செஞ்சாலும் நான் அங்கனதான் இருக்கேன்."

அவர் எதையும் வெட்டாமல், எதையும் சலிக்காமல், அப்படியே கோமுவின் போனுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு எக்கோ பெட்டியைத் துணியால் சுற்றி மேலே தூக்கிப் போட்டார். அடுத்த வாரக் கச்சேரிக்கு இறக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. அவருக்கு வேறு பிழைப்பு ஏது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுகிர்தா வீட்டுக்கு வந்தபிறகு பார்க்கப் போவதற்கு அவருக்குத் துணை வேண்டியிருந்தது, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். வாசலில் குமரவேல் நின்றிருந்தார். வாங்க என்று சொன்னார், முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. உள்ளே போகும்போதே சுகிர்தாவின் குரல் கேட்டது. எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது. கட்டிலில் கழுத்தில் குழாயோடு சாய்ந்திருந்தவள் வாய் மூடித்தான் இருந்தது. கோமு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போன் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, பஸ்ஸுல அப்படித் தூங்கினேன்."

காசிலிங்கம் பழத்தோடு அப்படியே நின்றுவிட்டார். எங்களைப் பார்த்ததும் கோமு போனை நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சுகிர்தா கையை அசைத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். பேச்சு முடிந்து இருமலும் தண்ணீர் குடிக்கிற சத்தமும் வந்தபிறகு, கோமு விரலால் பின்னுக்குத் தள்ளினாள். "சுகிர்தா, எனக்கு முன்னாலயே தெரியும்" என்று காசிலிங்கத்தின் குரல் முதலில் இருந்து தொடங்கியது.

நான்தான் பொறுக்க முடியாமல், "அதைக் கொஞ்சம் நிறுத்தேம்மா," என்றேன்.

கோமு என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். கோபமாகவும் சொல்லவில்லை.

"அம்மா இதுல மட்டுந்தான் மாமா நிறைய பேசுதா. சோறு திங்கும்போது கேட்டாத்தான் இறங்குது. உங்களையும் சேத்துத்தான் கேக்க வேண்டியிருக்கு, நான் என்ன செய்ய?"